குவார்ட்டர்பேக்குக்காக டிராஃப்டில் மேலே ஏறலாமா? முடிவெடுக்க ஒரு முழு வழிகாட்டி

ஒவ்வொரு வருடமும் மார்ச் தொடங்கி ஏப்ரல் கடைசி வரை என்.எஃப்.எல். (அமெரிக்கக் கால்பந்து லீக்) ரசிகர்களுக்குள் இதே சண்டைதான். நம் அணிக்கு டிராஃப்டில் 9ஆவது இடம், நல்ல குவார்ட்டர்பேக் (பந்தை வீசித் தாக்குதலை நடத்துபவர்) முதல் மூன்று இடங்களுக்குள் போய்விடுவார், அடுத்த இரண்டு வருட முதல் ரவுண்டு பிக்குகளை (வீரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை) கொடுத்தாவது ஏறிப் பிடித்துவிடலாமா, இல்லை வாயை மூடிக்கொண்டு நம் இடத்திலேயே ஒரு நல்ல டேக்கிளை (குவார்ட்டர்பேக்கைக் காப்பவர்) எடுத்துக்கொண்டு போகலாமா. குவார்ட்டர்பேக் இல்லாமல் கப் இல்லை என்கிறது ஒரு கூட்டம், பிக்குகளை விற்றுவிட்டால் அணியே இல்லை என்கிறது இன்னொரு கூட்டம். இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான், அதனால்தான் சண்டை தீர மாட்டேன் என்கிறது.

நான் எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏற்கெனவே ஓரளவு ஜெயிக்கிற அணி ஏறலாம். வரிசையாகத் தோற்கிற அணி ஏறக் கூடாது. இது தலைகீழாகத் தெரியலாம், ஏனென்றால் குவார்ட்டர்பேக் பஞ்சம் அதிகம் இருப்பதே தோற்கிற அணியில்தான். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்று ஒவ்வொரு படியாகப் பார்ப்போம். நீங்கள்தான் அணியின் ஜெனரல் மேனேஜர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டத்துக்குப் புதியவர்களுக்கு மட்டும் நாலு வரி. மொத்தம் 32 அணிகள், 7 ரவுண்டுகள். கல்லூரி அணிகளிலிருந்து வருகிற வீரர்களை வரிசைப்படி எடுப்பார்கள். ஐபிஎல் ஏலம் மாதிரி பணத்தைக் கொட்டி ஆளைத் தூக்க முடியாது. போன சீசனில் படுமோசமாக ஆடிய அணிக்கு முதல் இடம், கப் அடித்த அணிக்கு 32ஆவது இடம். முன்னால் போக வேண்டுமானால் முன்னால் நிற்பவரிடம் பேசி, நம் பிக்குகளையோ வீரர்களையோ கொடுத்து இடம் மாறிக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் டிரேட் அப்.

படி 1: கொடுக்கப்போவது என்ன என்று உண்மையாக எழுதிப் பாருங்கள்

இந்த வருடத்து பிக்குகளுக்கு எண் இருக்கிறது, அதனால் மதிப்பு தெரியும். அடுத்த வருட முதல் ரவுண்டு பிக்குக்கு எண் கிடையாது. அந்த எண்ணை எழுதப்போவது நீங்கள் எத்தனை ஆட்டம் தோற்கிறீர்கள் என்பதுதான். எல்லோரும் கோட்டை விடுகிற இடமும் இதுதான். "இரண்டு முதல் ரவுண்டு பிக் கொடுத்தோம்" என்று பேச்சில் சொல்லும்போது எல்லா அணிக்கும் ஒரே விலை போலத் தெரிகிறது. இல்லவே இல்லை.

2021 மார்ச்சில் சான் ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸ் 12ஆவது இடத்திலிருந்து 3ஆவது இடத்துக்கு ஏறியது. மயாமி டால்ஃபின்ஸுக்குக் கொடுத்தது அந்த 12ஆவது பிக், 2022, 2023 இரண்டு வருட முதல் ரவுண்டு பிக்குகள், கூடவே ஒரு மூன்றாம் ரவுண்டு. எடுத்தது ட்ரே லான்ஸ். அவர் அந்த அணிக்காக முதல் ஆளாக இறங்கித் தொடங்கிய ஆட்டங்கள் மொத்தம் 4. 2022 சீசனின் இரண்டாவது வாரமே கணுக்கால் முறிந்தது, 2023 ஆகஸ்டில் ஒரு நான்காம் ரவுண்டு பிக்குக்கு டாலஸுக்கு அனுப்பிவிட்டார்கள். இதைவிட மோசமாக ஒரு டிரேட் முடிய முடியாது. ஆனால் அணி என்ன ஆனது? ஒன்றும் ஆகவில்லை! இரண்டு வருடமும் கான்ஃபரன்ஸ் இறுதி (அரையிறுதி மாதிரி) வரை போனார்கள், அதனால் கைவிட்டுப் போன இரண்டு பிக்குகளும் 29, 29 என்றுதான் விழுந்தன. 2022 டிராஃப்டின் கடைசி ஆளாக, 262ஆவது இடத்தில் எடுத்த பிராக் பர்டி 2023 சீசனில் அவர்களை சூப்பர் பௌல் என்ற இறுதி ஆட்டத்துக்கே கூட்டிப்போனார்.

இப்போது கரோலினா பாந்தர்ஸ். 2023 மார்ச்சில் 9ஆவது இடத்திலிருந்து 1ஆவது இடத்துக்கு ஏறினார்கள். சிகாகோ பேர்ஸுக்குப் போனவை: 9ஆவது பிக், 61ஆவது பிக், 2024 முதல் ரவுண்டு, 2025 இரண்டாம் ரவுண்டு, போதாக்குறைக்கு அணியின் முதன்மை ரிசீவர் (வீசிய பந்தைப் பிடிப்பவர்) டி.ஜே. மூர். எடுத்தது பிரைஸ் யங். அந்த சீசனில் அணி ஆடிய 17 ஆட்டங்களில் ஜெயித்தது 2. ஆக, "2024 முதல் ரவுண்டு" என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்தது டிராஃப்டின் 1ஆவது பிக்காகவே ஆகிவிட்டது. ஒரு 1ஆவது பிக்கை வாங்க இன்னொரு 1ஆவது பிக்கைக் கொடுத்து, அதற்கு மேல் மூரையும் மற்ற பிக்குகளையும் சேர்த்துக் கொடுத்த கதை. சிகாகோ அந்தப் பிக்கில் கேலப் வில்லியம்ஸை எடுத்துக்கொண்டது.

வாஷிங்டன் 2012இல் செய்தது இன்னும் பாடம். ராபர்ட் கிரிஃபினுக்காக 6இலிருந்து 2க்கு ஏற, செயின்ட் லூயிஸ் ராம்ஸுக்கு 6ஆவது பிக், 39ஆவது பிக், 2013, 2014 முதல் ரவுண்டுகள். முதல் வருடம் 10 வெற்றி, பிளேஆஃப், கிரிஃபினுக்குச் சிறந்த புதுமுக ஆட்டக்காரர் விருது. அதனால் 2013 பிக் 22ஆவது இடத்தில்தான் விழுந்தது, யாரும் கவலைப்படவில்லை. ஆனால் 2013 ஜனவரியில் சியாட்டிலுக்கு எதிரான அந்த பிளேஆஃப் ஆட்டத்திலேயே முழங்கால் போனது, அடுத்த சீசன் 3 வெற்றி, 13 தோல்வி. 2014 பிக் 2ஆவது இடமாக ராம்ஸ் கைக்குப் போனது. 2014 டிசம்பர் 7 அன்று வாஷிங்டன் மைதானத்தில் இரண்டு அணிகளும் மோதியபோது, டாஸ் போட ராம்ஸ் சார்பில் கேப்டன்களாக நடந்து வந்தவர்கள் அந்த டிரேடில் கிடைத்த பிக்குகள் மூலம் வந்து சேர்ந்த வீரர்கள். பயிற்சியாளர் ஜெஃப் ஃபிஷர் வேண்டுமென்றே அனுப்பிவைத்தார். ராம்ஸ் 24-0 என்று ஜெயித்தது. இதைவிட அழகாக ஒருவரை நடுமைதானத்தில் வைத்துக் குத்திக்காட்ட முடியாது.

ஆக, இந்தப் படியில் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். புதுப் பையன் முதல் வருடம் சொதப்புவான் என்று வைத்துக்கொண்டு, அப்போது உங்கள் அணி எத்தனை ஆட்டம் ஜெயிக்கும் என்று எழுதுங்கள். முதலாளியிடம் காட்டுகிற எண்ணை எழுத வேண்டாம், மனதுக்குள் தெரிகிற எண்ணை எழுதுங்கள். 8, 9 என்று வந்தால் அடுத்த படிக்குப் போகலாம். 4, 5 என்று வந்தால் நீங்கள் கொடுப்பது "ஒரு முதல் ரவுண்டு பிக்" இல்லை, அடுத்த வருட டிராஃப்டின் சிறந்த குவார்ட்டர்பேக்கையே கொடுக்கிறீர்கள்.

படி 2: அட்டவணையில் கணக்குப் போடுங்கள், அப்புறம் அதை ஓரமாக வையுங்கள்

1990களின் தொடக்கத்தில் டாலஸ் கௌபாய்ஸ் பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சன் காலத்தில் அந்த அணிக்காக ஒரு மதிப்பெண் அட்டவணை உருவானது. இன்றும் பேரம் பேசுகிறவர்கள் அதையோ அதன் பேரப்பிள்ளைகளையோ வைத்துத்தான் தொடங்குகிறார்கள். 1ஆவது பிக்குக்கு 3000 புள்ளி, 2க்கு 2600, 3க்கு 2200, 6க்கு 1600, 10க்கு 1300, 32க்கு 590. மேலே செங்குத்தாக இறங்கி, கீழே போகப் போகத் தட்டையாகிவிடும்.

வாஷிங்டன் டிரேடை இதில் போட்டுப் பாருங்கள். 6ஆவது பிக் 1600, 39ஆவது பிக் 510, கூட்டினால் 2110. வாங்குவது 2600. பாக்கி 490. இது ஏறக்குறைய ஒரு 40ஆவது பிக்கின் விலை. அந்த ஓட்டையை அடைக்க இரண்டு முதல் ரவுண்டுகள் போயின. குவார்ட்டர்பேக் என்று தெரிந்ததும் விற்பவர் கேட்கிற கூடுதல் விலை இதுதான், அட்டவணையில் எங்கேயும் இருக்காது.

சரி, அப்படியானால் அட்டவணைப்படி நியாய விலைக்கு வாங்கினால் தப்பித்துவிடலாமா? அதுவும் இல்லை. 2017இல் சிகாகோ ஒரே ஒரு இடம் ஏற, 3இலிருந்து 2க்குப் போக, 3ஆவது பிக் (2200), 67ஆவது பிக் (255), 111ஆவது பிக் (72), அடுத்த வருட மூன்றாம் ரவுண்டு ஒன்று, எல்லாம் கொடுத்தது. கூட்டிப் பார்த்தால் 2527, மேலே அந்த மூன்றாம் ரவுண்டு. 2600க்குக் கிட்டத்தட்டச் சரியான விலை. வாங்கியது மிட்செல் ட்ரூபிஸ்கி. அவருக்குப் பின்னால் பேட்ரிக் மஹோம்ஸும் டெஷான் வாட்சனும் இன்னும் எடுக்கப்படாமல் காத்திருந்தார்கள். மறுபக்கம், 2018இல் பஃபலோ பில்ஸ் 12இலிருந்து 7க்கு ஏறியது. கொடுத்தது 12 (1200), 53 (370), 56 (340), மொத்தம் 1910. வாங்கியது 1500, உடன் கடைசி ரவுண்டில் பெயருக்கு ஒரு பிக். 400 புள்ளி கூடுதலாகக் கொட்டிக் கொடுத்து வாங்கியது ஜாஷ் ஆலனை, 2024இன் எம்.வி.பி. (சீசனின் சிறந்த ஆட்டக்காரர்). அதே வருடம் நியூயார்க் ஜெட்ஸ் 6இலிருந்து 3க்கு ஏற 6, 37, 49 மூன்றையும் கொடுத்தார்கள், அதுவே 2540 ஆகிறது, வாங்குவது 2200. அதற்கு மேலும் 2019இன் இரண்டாம் ரவுண்டு ஒன்று. வந்தவர் சாம் டார்னல்ட், மூன்று சீசனில் கரோலினாவுக்கு அனுப்பப்பட்டார். (2024இல் மினசோட்டாவில் 14 ஆட்டம் ஜெயித்துக் காட்டினார், அதை 4ஆம் படியில் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.)

நியாய விலைக்கு வாங்கியவர் தோற்றார், அதிக விலை கொடுத்தவர்களில் ஒருவர் ஜெயித்தார், ஒருவர் தோற்றார். பேரத்தில் உங்களை ஏமாற்றுகிறார்களா என்று மட்டும் அட்டவணை சொல்லும். ஏறலாமா என்ற கேள்விக்கு அதனிடம் பதில் கிடையாது.

படி 3: பெயர் சொல்லுங்கள், ஒரே ஒரு பெயர்

"இந்த வருடம் மூன்று நல்ல குவார்ட்டர்பேக் இருக்கிறார்கள், மேலே போனால் ஒருவராவது கிடைப்பார்" என்று உங்கள் ஸ்கவுட்டுகள் (வீரர்களைத் தேடி மதிப்பிடுபவர்கள்) பேசினால், கூட்டத்தை முடித்துவிட்டு எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். மூன்று பேர் ஒரே தரம் என்றால் மூன்றாமவர் உங்களிடம் வரும்வரை காத்திருப்பதுதான் மலிவு. ஏறுவதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும்: இந்த ஆள் மற்றவர்களைவிட ஒரு படி மேலே என்று பயிற்சியாளரும் ஸ்கவுட்டும் நீங்களும் தனித்தனியாக முடிவுக்கு வந்திருக்க வேண்டும்.

அந்த முடிவையும் முழுதாக நம்பிவிடாதீர்கள். கேட் மாஸி, ரிச்சர்ட் தேலர் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் (தேலர் 2017இல் நோபல் வாங்கியவர்) டிராஃப்டைத் தோண்டிப் பார்த்தார்கள். ஒரே நிலையில் ஆடுகிற இருவரில் முன்னால் எடுக்கப்பட்டவர், அடுத்து எடுக்கப்பட்டவரைவிட நன்றாக ஆடுவது பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் நடக்கிறது என்பது அவர்கள் கண்டது. கிட்டத்தட்ட நாணயம் சுண்டுவதுதான். மேல் பிக்குகளுக்கு அணிகள் அளவுக்கு மீறி விலை கொடுக்கின்றன என்பதும் அவர்கள் சொன்னதுதான்.

2021 டிராஃப்டையே பாருங்கள். முதல் ரவுண்டில் ஐந்து குவார்ட்டர்பேக்: ட்ரெவர் லாரன்ஸ், ஸாக் வில்சன், ட்ரே லான்ஸ், ஜஸ்டின் ஃபீல்ட்ஸ், மேக் ஜோன்ஸ். 2024 சீசன் தொடங்கும்போது தன்னை எடுத்த அணியிலேயே இருந்தவர் லாரன்ஸ் ஒருவர்தான். இதில் லான்ஸ் கதை தனி. டிரேட் நடந்தது மார்ச் 26, டிராஃப்ட் ஏப்ரல் 29. இடையில் ஒரு மாதம் முழுக்க ஜோன்ஸா, ஃபீல்ட்ஸா, லான்ஸா என்று ஊரே பந்தயம் கட்டியது. அவரோ நார்த் டகோட்டா ஸ்டேட் என்ற கீழடுக்குக் கல்லூரி அணியில் ஒரே ஒரு முழு சீசன் ஆடியவர், 2020இல் கொரோனா காரணமாக ஆடியது ஒரே ஆட்டம். ட்ரூபிஸ்கியும் கல்லூரியில் தொடங்கி ஆடியது 13 ஆட்டங்கள்தான்.

அப்படியானால் குறைவாக ஆடியவரை எடுக்கக் கூடாது என்று விதி போட்டுவிடலாமா என்றால், போட்டுக்கொள்ளுங்கள், நானும் போடுவேன், குறைந்தது இரண்டு சீசன் தொடக்க ஆட்டக்காரராக இருந்திருக்க வேண்டும். ஆனால் எண்களை மட்டும் வைத்து வடிகட்டினால் ஜாஷ் ஆலன் கிடைத்திருக்கவே மாட்டார். வையோமிங்கில் அவர் வீசிய பந்துகளில் போய்ச் சேர்ந்தது 56 சதவீதம்தான். அவரிடம் எதைச் சரி செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்று பஃபலோவுக்கு ஒரு பார்வை இருந்தது. உங்களிடம் அந்தப் பார்வை உள்ள பயிற்சியாளர் இருக்கிறாரா? கேள்வி அங்கேதான் போய் நிற்கிறது.

படி 4: பையன் வந்து நிற்கப்போகும் இடத்தைப் பாருங்கள்

எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பெரிய படி. ஏறி எடுத்து ஜெயித்தவர்கள் யார் என்று பாருங்கள்.

கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் 2016இல் 12 ஆட்டம் ஜெயித்த அணி. ஆண்டி ரீட் என்ற பயிற்சியாளர், ட்ராவிஸ் கெல்சி, டைரீக் ஹில், எல்லாவற்றுக்கும் மேலாக அலெக்ஸ் ஸ்மித் என்ற ஆடத் தெரிந்த, அலட்டிக்கொள்ளாத குவார்ட்டர்பேக். அவசரமே இல்லாத அணி. 2017 டிராஃப்டில் 27இலிருந்து 10க்கு ஏறினார்கள். பஃபலோவுக்குப் போனது 27ஆவது பிக், 91ஆவது பிக், 2018 முதல் ரவுண்டு. மஹோம்ஸ் வந்தார், வந்து ஒரு வருடம் முழுக்க உட்கார்ந்து பார்த்தார், சீசனின் கடைசி ஆட்டத்தில் மட்டும் தொடங்கினார். அடுத்த வருடம் ஸ்மித்தை வாஷிங்டனுக்கு விற்று ஒரு மூன்றாம் ரவுண்டு பிக்கும் கெண்டல் ஃபுல்லர் என்ற தற்காப்பு ஆட்டக்காரரும் வாங்கிக்கொண்டு மஹோம்ஸிடம் பந்தைக் கொடுத்தார்கள். அந்த 2018 சீசனிலேயே எம்.வி.பி. அணி 2017இலும் 10 ஆட்டம் ஜெயித்ததால் கொடுத்த முதல் ரவுண்டு பிக் 22ஆவது இடத்தில் விழுந்தது. கொடுத்ததும் வலிக்கவில்லை, எடுத்தவரையும் அவசரப்படுத்தவில்லை.

பால்டிமோர் ரேவன்ஸும் அப்படித்தான். 2017இல் 9 வெற்றி. குவார்ட்டர்பேக்காக ஜோ ஃப்ளாக்கோ இருந்தார். 2018இல் இரண்டாம் ரவுண்டிலிருந்து முதல் ரவுண்டின் கடைசி இடமான 32க்கு ஏறி லமார் ஜாக்சனை எடுத்தார்கள், 2019இலும் 2023இலும் எம்.வி.பி. பஃபலோ 2017இல் பிளேஆஃப் ஆடிய அணி, 1999க்குப் பிறகு முதல் தடவையாக.

இப்போது கரோலினாவின் 2023ஐப் பாருங்கள். புதுப் பயிற்சியாளர் ஃபிராங்க் ரைக், 11 ஆட்டத்தில் வேலை போனது. நல்ல ரிசீவரைத்தான் சிகாகோவுக்கு அனுப்பியாகிவிட்டதே, மூர் அங்கே போய் அந்த வருடம் 1364 யார்டு எடுத்தார். குவார்ட்டர்பேக்கைக் காக்கிற வரிசை ஓட்டை. பிரைஸ் யங் அந்த சீசனில் 62 தடவை சாக் ஆனார், அதாவது பந்தை வீசும் முன்பே வீழ்த்தப்பட்டார். ஒரு பையன் பந்தைக் கையில் வாங்கி, யார் எங்கே ஓடுகிறார்கள் என்று தலையைத் தூக்கிப் பார்ப்பதற்குள் இரண்டு ஆட்கள் மேலே வந்து விழுந்தால் அவன் என்ன கற்றுக்கொள்வான்? தரையைப் பார்க்கக் கற்றுக்கொள்வான். அடுத்த வருடம் இரண்டு ஆட்டத்தோடு உட்கார வைக்கப்பட்டு, பிறகு திரும்ப வந்து கொஞ்சம் தலையெடுத்தார் என்பது வேறு. டார்னல்ட் மினசோட்டாவில் 14 ஆட்டம் ஜெயித்ததையும் இங்கே சேர்த்துப் பாருங்கள்.

இதற்கு எதிராக ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. 2016இல் ராம்ஸ் 15இலிருந்து 1க்கு ஏறி ஜேரட் காஃபை எடுத்தது. மோசமான அணி, அந்த வருடம் 4 வெற்றி, காஃப் தொடங்கிய 7 ஆட்டமும் தோல்வி, கொடுத்த 2017 முதல் ரவுண்டு பிக் 5ஆவது இடத்தில் விழுந்தது. ஆனால் அடுத்து ஷான் மெக்வே வந்தார், காஃப் வேறு ஆளாக மாறினார், 2018 சீசனில் சூப்பர் பௌல் வரை போனார்கள். அதாவது தோற்கிற அணியும் தப்பிக்கலாம், மெக்வே மாதிரி ஒருவர் கிடைத்தால். அதை நம்பிப் பிக்குகளைக் கொடுப்பது என் கணக்கில் அகலக்கால்.

இடது டேக்கிள் யார், பந்தைப் பிடிக்க யார், முதல் வருடம் பையனுக்குப் பதில் யார் ஆடுவது, பயிற்சியாளரின் வேலை இன்னும் மூன்று வருடம் இருக்குமா. நாலு கேள்விக்கும் பதில் இல்லையென்றால் படிப்பதை இங்கேயே நிறுத்திவிட்டு உங்கள் 9ஆவது இடத்தில் டேக்கிளை எடுங்கள்.

படி 5: சம்பளக் கணக்கு

இது சுருக்கம். லீக்கும் வீரர் சங்கமும் போட்ட 2011 ஒப்பந்தத்துக்கு முன்னால் 1ஆவது பிக்குக்குக் கொடுத்த சம்பளம் பைத்தியக்காரத்தனம். 2010இல் சாம் பிராட்ஃபர்டுக்கு ஆறு வருடத்துக்கு 78 மில்லியன் டாலர், அதில் 50 மில்லியன் உறுதி. அடுத்த வருடமே கேம் நியூட்டனுக்கு நான்கு வருடத்துக்கு 22 மில்லியன்தான். இன்றும் அப்படித்தான்: பிரைஸ் யங்குக்கு நான்கு வருடத்துக்குச் சுமார் 38 மில்லியன். 2024இல் டாக் பிரெஸ்காட் கையெழுத்திட்டது வருடத்துக்கு 60 மில்லியன். ஓர் அணி எல்லா வீரர்களுக்கும் சேர்த்துச் செலவிடக்கூடிய அந்த வருட சம்பள உச்சவரம்பு 255.4 மில்லியன். புதுப் பையன் நன்றாக ஆடினால் வருடத்துக்கு 50 மில்லியன் மிச்சம், அதை வைத்து ஒரு தற்காப்பையே கட்டலாம். எல்லோரும் ஏறத் துடிப்பது இதற்காகத்தான்.

ஆனால் மிச்சமாகிற பணத்தைச் செலவழிக்கிற இடத்தில் உங்கள் அணி இருக்க வேண்டும். வாஷிங்டனுக்கு 2012இல் டிரேட் பேசி முடித்த கையோடு சம்பள விதிமீறல் என்று லீக் 36 மில்லியன் டாலரை இரண்டு வருட உச்சவரம்பிலிருந்து வெட்டியது. பிக்கும் இல்லை, பணமும் இல்லை, குவார்ட்டர்பேக் மலிவாகக் கிடைத்து என்ன பயன்.

படி 6: ஏறாமல் வேறு வழி இருக்கிறதா

இருக்கிறது, ஆனால் நம்பி உட்கார முடியாது. பின்னால் எடுத்தும் ஜொலித்த குவார்ட்டர்பேக்குகள் உண்டு: டாம் பிரேடி 199ஆவது பிக், பிரெஸ்காட் 135, ரஸல் வில்சன் 75, ஜேலன் ஹர்ட்ஸ் 53. இந்தப் பட்டியலை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். அதே இடங்களில் எடுக்கப்பட்டு காணாமல் போனவர்களின் பட்டியல் இதைவிடப் பல மடங்கு நீளம், அதை யாரும் சொல்வதில்லை. இருந்தாலும் நடு ரவுண்டில் ஒருவரை எடுத்து வைப்பது நல்ல பழக்கம். 2012இல் கிரிஃபினை எடுத்த அதே டிராஃப்டின் நான்காம் ரவுண்டில் வாஷிங்டன் கர்க் கஸின்ஸையும் எடுத்தது, அப்போது சிரித்தார்கள். 2015இலிருந்து மூன்று சீசன் அந்த அணியை ஓட்டியவர் கஸின்ஸ்தான்.

இன்னொரு வழி, ஆடித் தேர்ந்தவரை வாங்குவது. ராம்ஸ் 2021இல் காஃபோடு இரண்டு முதல் ரவுண்டும் ஒரு மூன்றாம் ரவுண்டும் கொடுத்து மேத்யூ ஸ்டாஃபர்டை வாங்கி அந்த சீசனிலேயே கப் அடித்தது. விலை ஏறக்குறைய டிரேட் அப் விலைதான், ஆனால் வாங்குகிற ஆள் எப்படி ஆடுவார் என்று ஏற்கெனவே தெரியும். அணி தயாராக இருந்தால் நான் இதைத்தான் முதலில் விசாரிப்பேன்.

படி 7: பேரம்

முடிவு செய்துவிட்டீர்களா? இனி வேலை ஆரம்பம்.

விற்பவரைத் தேடும்போது ஏற்கெனவே குவார்ட்டர்பேக் வைத்திருப்பவரைத் தேடுங்கள். 2012இல் ராம்ஸிடம் பிராட்ஃபர்டு இருந்தார், 2016இல் டென்னசியிடம் மரியோட்டா, 2018இல் இண்டியானபோலிஸிடம் ஆண்ட்ரூ லக், 2023இல் சிகாகோவிடம் ஃபீல்ட்ஸ். அவர்களுக்கு அந்த இடம் தேவையில்லை, விற்க மனம் இருக்கும். ஆனால் வெகுதூரம் கீழே இறங்கச் சொன்னால் விலை ஏறும். இண்டியானபோலிஸ் 2018இல் 3இலிருந்து 6க்குத்தான் இறங்கியது, தான் விரும்பிய க்வென்டன் நெல்சன் அங்கேயே கிடைத்தார். விற்பவருக்கும் தன் ஆள் கிடைப்பான் என்ற தெம்பு இருந்தால்தான் பேச்சு நகரும்.

தூரம் அதிகமென்றால் ஒரே தாவலில் போகாதீர்கள். பிலடெல்ஃபியா 2016இல் முதலில் இரண்டு வீரர்களை மயாமிக்கு அனுப்பி 13இலிருந்து 8க்கு வந்தது, அப்புறம் 8இலிருந்து கார்சன் வென்ட்ஸுக்காக 2க்குப் போனது. பஃபலோ 2018இல் கார்டி க்ளென் என்ற டேக்கிளை சின்சினாட்டிக்கு அனுப்பி 21இலிருந்து 12க்கு வந்தது, டிராஃப்ட் நாளில் 7க்குப் போனது. இரண்டு பேருமே முதல் தாவலுக்கு முக்கியமாகக் கொடுத்தது வீரர்களை. கூட்டத்தில் யாரும் கவனிக்காத மார்ச் மாதத்தில் பாதி தூரத்தை மலிவாகக் கடந்துவிட்டார்கள்.

கெஞ்சினால் மிஞ்சுவார்கள் என்பது இங்கே நூற்றுக்கு நூறு. உங்களுக்கு யார் வேண்டும் என்பது வெளியே தெரிந்த நிமிடம் விலை ஏறிவிடும், அதனால் விற்பவர் இரண்டு பேரோடாவது பேச்சை உயிரோடு வைத்திருங்கள். இதற்கு மேல் போக மாட்டேன் என்ற எல்லையை டிராஃப்டுக்கு முந்தின வாரமே காகிதத்தில் எழுதி, உங்களோடு ஒத்துப்போகாத ஒருவர் கையில் கொடுத்துவிடுங்கள். கடிகாரம் ஓடும்போது, இந்தப் பக்கம் முதலாளியும் அந்தப் பக்கம் தொலைபேசியும் இருக்கும்போது, எல்லோருக்குமே இன்னொரு இரண்டாம் ரவுண்டு பிக் சின்ன விஷயமாகத்தான் தெரியும்.

கொடுக்கிற பட்டியலில் என் வரிசை இது: முதலில் இந்த வருடப் பிக்குகள், அடுத்து அடுத்த வருட இரண்டாம், மூன்றாம் ரவுண்டுகள், அதற்குப் பிறகு ஒரே ஒரு எதிர்கால முதல் ரவுண்டு. இரண்டாவது எதிர்கால முதல் ரவுண்டை, சான் ஃபிரான்சிஸ்கோ மாதிரி பலமான அணி இல்லையென்றால், தொடவே வேண்டாம். நல்ல ரிசீவரையும் டேக்கிளையும் கொடுக்காதீர்கள், எடுக்கப்போகிற பையனுக்கு அவர்கள்தான் வேண்டும். (பஃபலோ டேக்கிளைக் கொடுத்ததே என்று கேட்பீர்கள். க்ளென் அதற்கு முந்தின சீசனில் காயத்தோடு பெரும்பாலும் வெளியே இருந்தவர், அவரில்லாமலேயே அவர்கள் பிளேஆஃப் ஆடியிருந்தார்கள்.)

கொடுத்ததைத் திரும்ப நிரப்பவும் பாருங்கள். வென்ட்ஸ் தயார் என்று தெரிந்ததும் பிலடெல்ஃபியா 2016 செப்டம்பரில் சாம் பிராட்ஃபர்டை மினசோட்டாவுக்குக் கொடுத்து ஒரு முதல் ரவுண்டு பிக் வாங்கியது. அந்தப் பிக்கில் வந்த டெரக் பார்னெட்தான், 2018 பிப்ரவரி சூப்பர் பௌலின் கடைசி நிமிடங்களில் பிராண்டன் கிரஹாம் தட்டிவிட்ட பிரேடியின் பந்தைப் பாய்ந்து எடுத்தவர். வென்ட்ஸ் அன்று முழங்கால் காயத்தோடு ஓரத்தில் நின்றார், ஜெயித்துக் கொடுத்தது நிக் ஃபோல்ஸ்.

படி 8: எடுத்த பிறகு

முதல் ரவுண்டு ஒப்பந்தம் நான்கு வருடம், ஐந்தாவது வருடமும் வைத்துக்கொள்ளலாமா என்ற விருப்புரிமை அணியிடம். மூன்றாவது சீசன் முடிந்து வருகிற மே மாதத் தொடக்கத்துக்குள் அதைச் சொல்லியாக வேண்டும், சொல்லிவிட்டால் அந்தப் பணம் முழுக்க உறுதி. ஆக உங்களிடம் இருப்பது மூன்று சீசன் பார்வை. அவ்வளவு காத்திருக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி, ஏனென்றால் சரியில்லை என்று தெரிந்த பிறகும் "இவ்வளவு கொடுத்து வாங்கியிருக்கிறோமே" என்று வைத்துக்கொண்டிருக்கும் ஒவ்வொரு வருடமும் விற்பனை விலை இறங்குகிறது. கொடுத்த பிக்குகள் திரும்பி வராது, அவற்றைக் கணக்கில் சேர்க்காமல் பையனை மட்டும் பார்த்து முடிவெடுங்கள்.

அரிசோனா 2018இல் 15இலிருந்து 10க்கு ஏறி ஜாஷ் ரோஸனை எடுத்தது. ஒரே சீசனில் பயிற்சியாளரையும் மாற்றி, அடுத்த டிராஃப்டில் 1ஆவது பிக்காக கைலர் முரேயை எடுத்து, ரோஸனை மயாமிக்கு விற்றது. கேலி செய்தவர்கள் அதிகம். ஒரு வருடத்தில் விற்றதால் கிடைத்தது ஓர் இரண்டாம் ரவுண்டு பிக்கும் ஓர் ஐந்தாம் ரவுண்டு பிக்கும். சான் ஃபிரான்சிஸ்கோ லான்ஸை இரண்டு சீசன் கழித்து விற்றது, நான்காம் ரவுண்டு. சிகாகோ 2021இல் 20இலிருந்து 11க்கு ஏறி எடுத்த ஃபீல்ட்ஸை மூன்று சீசன் கழித்து பிட்ஸ்பர்க்குக்கு விற்றது, நிபந்தனையோடு ஓர் ஆறாம் ரவுண்டு. அதே சிகாகோ ட்ரூபிஸ்கியை நான்கு வருடமும் வைத்திருந்தது. ஐந்தாவது வருடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, 2021இல் அவர் பாட்டுக்குப் பஃபலோவில் மாற்று ஆட்டக்காரராகப் போய்ச் சேர்ந்தபோது டிரேடில் எதுவும் வாங்க முடியவில்லை.